கையிருப்பில் இருக்கும் டாலர் எல்லாம் கையில் இருப்பதில்லை

எங்கள் பெரியப்பா ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கல்லாவுக்கு மேலே ஆணியில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். மற்றவர்கள் அதில் ராகுகாலம், எமகண்டம் பார்ப்பார்கள். அவருக்கு அதில் வேறு வேலை இருந்தது. சில தாள்களின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு தொகை எழுதியிருக்கும். பைப் கம்பெனிக்குக் கொடுத்த தேதி போட்ட செக் 12-ஆம் தேதி பாங்குக்கு வரும், பெயின்ட் டீலருடையது 19, சீட்டுப் பணம் 25. பாஸ்புக்கில் நாலு லட்சம் இருக்கிறதே, வண்டி வாங்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "அதுல முக்கால்வாசி நம்ம பணம் இல்லடா" என்றார். அன்றைக்கு அது கஞ்சத்தனமாகத்தான் தெரிந்தது. 2022-இல் இலங்கைச் செய்திகளைப் படித்தபோதுதான் அவர் சொன்னது புரிந்தது.

ஒரு நாட்டின் அந்நியச் செலாவணி கையிருப்பும் இந்த பாஸ்புக் மாதிரிதான். மத்திய வங்கியிடம் உள்ள டாலர், யூரோ போன்ற வெளிநாட்டுப் பணம், அந்தப் பணத்தில் வாங்கி வைத்துள்ள அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்கள், வெளிநாட்டு வங்கிகளில் போட்டுள்ள வைப்புகள், தங்கம், சர்வதேச நாணய நிதியத்திடம் உள்ள உரிமைகள் எல்லாவற்றையும் கூட்டினால் ஓர் எண் வரும். செய்தித்தாளில் அச்சாவது அந்த எண். சொந்தப் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம், டாலரை அச்சடிக்க முடியாது. பெட்ரோல் விற்பவனும் கடன் கொடுத்தவனும் கேட்பது டாலரை. அதனால்தான் அந்த எண்ணுக்கு இவ்வளவு மரியாதை.

ஆனால் அது ஒரு குறிப்பிட்ட நாளின் சாயங்காலம் எடுத்த போட்டோ. நாளைக் காலையில் யாருக்கு எவ்வளவு கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்பது போட்டோவில் விழாது. அதைச் சொல்லும் கணக்குக்குப் பெயர்தான் குறுகிய கால வெளியேற்றங்கள். அடுத்த 12 மாதங்களுக்குள் அரசும் மத்திய வங்கியும் வெளிநாட்டுப் பணமாகக் கொடுத்தே ஆக வேண்டியவை, அல்லது கொடுக்க நேரலாம் என்பவை. அரசிடமும் மத்திய வங்கியிடமும் பெரியப்பாவின் காலண்டர் ஒன்று இருந்தால் அதில் பென்சிலால் எழுதியிருக்கும் தொகைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவை இரண்டு வகை. ஒன்று, தேதியும் தொகையும் முன்பே தெரிந்தவை: வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய கடனின் அசல், வட்டி, முதிர்ச்சியடையும் பத்திரங்கள், பிற்பாடு ஒரு தேதியில் டாலர் தருவதாக இன்றே போட்ட முன்பேர ஒப்பந்தங்கள். இன்னொன்று, நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்ற ரகம். அரசு ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் டாலர் கடனுக்கு ஜாமீன் நின்றிருக்கும். நிறுவனம் ஒழுங்காகக் கட்டினால் பிரச்சினை இல்லை, கட்டாவிட்டால் அரசின் தலையில் விழும். மைத்துனன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சர்வதேச நாணய நிதியம் இதற்கென ஒரு படிவம் வைத்திருக்கிறது. பல நாடுகளின் மத்திய வங்கிகள், நம் ரிசர்வ் வங்கியும் இலங்கை மத்திய வங்கியும் உட்பட, மாதாமாதம் அதை நிரப்பி இணையத்தில் போடுகின்றன. முதல் பகுதியில் கையிருப்பு. இரண்டாவதில் தேதி தெரிந்த வெளியேற்றங்கள். மூன்றாவதில் ஜாமீன் ரகங்கள். நான்காவது பகுதி உபரித் தகவல்களுக்கு. வெளியேற்றங்களை மூன்று பத்திகளாகப் பிரித்திருப்பார்கள்: ஒரு மாதத்துக்குள், ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள், மூன்று மாதத்திலிருந்து ஓராண்டுக்குள். என்னைக் கேட்டால் அந்தப் படிவத்தின் உயிரே இந்த மூன்று பத்திகள்தான். 100 கோடி டாலரை அடுத்த வாரம் கட்டுவதும் பதினோராம் மாதம் கட்டுவதும் ஒன்றா என்ன?

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே ஓர் இடத்தில் தடுக்கி விழுவார்கள். நாட்டுக்குள் வரும் பெட்ரோல், பருப்பு, செல்போன் எல்லாவற்றுக்கும் டாலர் போகிறதே, அது இந்தப் படிவத்தில் வருமா? தனியார் இறக்குமதியாளர் கட்டும் பில் இதில் வராது. தனியார் கம்பெனிகள் வாங்கிய வெளிநாட்டுக் கடனும் வராது. அரசும் மத்திய வங்கியும் நேரடியாகவோ ஜாமீன் மூலமோ கடமைப்பட்டவை மட்டுமே கணக்கு. ஆகவே படிவம் காட்டும் தொகையைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. நெருக்கடி வந்தால் தனியாரும் டாலர் கேட்டு அதே வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

சரி, இப்படி ஒரு படிவம் வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? அதற்கு தாய்லாந்துக்குப் போக வேண்டும்.

1997-இன் முதல் பாதியில் தாய்லாந்தின் பணமான பாட், ஒரு டாலருக்குச் சுமார் 25 என்ற விலையில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்த விலை நிற்காது என்று பந்தயம் கட்டியவர்கள் பாட்டை விற்றுத் தள்ளினார்கள். விலையைக் காப்பாற்ற மத்திய வங்கி டாலரைக் கொடுத்து பாட்டை வாங்கியது. அத்தோடு விட்டிருந்தால் கையிருப்பு கரைவது ஊருக்கே தெரிந்திருக்கும். அதனால் இன்னொரு காரியம் செய்தார்கள். ஸ்வாப் என்ற ஒப்பந்தம் மூலம் டாலரை உடனே திரும்ப வாங்கிக்கொண்டு, சில மாதங்கள் கழித்து அந்த டாலரைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். வந்த டாலர் கையிருப்பில் ஏறிவிட்டது. எழுதிக் கொடுத்த வாக்குறுதி வெளியே தெரியும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஜூன் கடைசியில் கையிருப்பு சுமார் 3,200 கோடி டாலர் என்றிருந்தது. (100 கோடி டாலர் என்றால் ஒரு பில்லியன்.) முன்பேரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியது 2,340 கோடி டாலர். ஜூலை 2-ஆம் தேதி பாட்டை அவிழ்த்து விட்டார்கள். ஆறு மாதத்தில் டாலர் 50 பாட்டைத் தாண்டிவிட்டது. அந்த 2,340 கோடி விஷயம் ஊருக்கு முழுசாகத் தெரிய வந்தது ஆகஸ்டில்.

அதே ஆண்டு கடைசியில் தென்கொரியாவில் வேறு விதமான கூத்து. கையிருப்பின் ஒரு பெரும் பங்கை, கொரிய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளில் மத்திய வங்கி வைப்பாகப் போட்டிருந்தது. அந்தக் கிளைகளோ அந்தப் பணத்தை வைத்துத் தங்கள் கடன்களைக் கட்டிக்கொண்டிருந்தன. தாளில் இருந்தது, எடுக்க வழியில்லை. இந்த இரண்டு அனுபவத்துக்கும் பிறகு, 1999-இல் படிவம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் அர்ஜென்டினாவின் பொருளாதார நிபுணர் பாப்லோ குய்டோட்டி, அப்போதைய அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் ஒரு விதியும் பேச்சில் வந்தது: அடுத்த ஓராண்டில் கட்ட வேண்டிய மொத்த வெளிநாட்டுக் கடன் அளவுக்காவது கையிருப்பு இருக்க வேண்டும். ஓராண்டுக்கு யாரும் புதுக் கடன் கொடுக்காவிட்டாலும் மூச்சு விட இடம் இருக்கும்.

இப்போது இலங்கைக்கு வருவோம். வெளியேற்றம் என்றால் என்ன என்று காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. வலியும் நமக்குப் பக்கத்தில்.

2019 கடைசியில் இலங்கையின் கையிருப்பு சுமார் 760 கோடி டாலர். அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த ஈஸ்டர் குண்டுவெடிப்பில் சுற்றுலா ஏற்கெனவே அடிபட்டிருந்தது. டிசம்பரில் புது அரசு வரிகளைப் பெரிதாகக் குறைத்தது. அடுத்து கோவிட். வெளிநாட்டுச் சந்தையில் புதுப் பத்திரம் விற்கும் கதவு சாத்திவிட்டது. அதுவரை நடைமுறை எளிது: பழைய பத்திரம் முதிரும்போது புதுப் பத்திரம் விற்று அடைப்பது. ஊரில் சொல்வோமே, ஒரு சீட்டை எடுத்து இன்னொரு சீட்டைக் கட்டுவது என்று, அதுதான். புதுச் சீட்டு கிடைக்காத அன்று காலண்டரில் எழுதிய ஒவ்வொரு தொகையும் கையிருப்பிலிருந்துதான் போக வேண்டும். போனது. 2021 ஜூலையில் மட்டும் 100 கோடி டாலர் பத்திரம் ஒன்றைக் கட்டினார்கள்.

வரவுப் பக்கமும் வற்றியது. மத்திய வங்கி டாலரைச் சுமார் 203 ரூபாயில் பிடித்து வைத்திருந்தது. வெளியே அதைவிட நல்ல விலை. வளைகுடாவில் வேலை செய்பவர்கள் வங்கியை விட்டுவிட்டு உண்டியலில் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். (இலங்கையில் உண்டியல் என்றால் கோயில் உண்டியல் மட்டுமில்லை, கணக்கில் வராமல் கைமாறும் பணமும்.) 2020-இல் 710 கோடி டாலராக இருந்த அனுப்புபணம் 2021-இல் 550 கோடியாகக் குறைந்தது. வீடுகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, நாட்டின் வங்கிகளுக்குத்தான் டாலர் வரவில்லை.

2021 நவம்பர் கடைசியில் கையிருப்பு சுமார் 160 கோடி டாலர். ஒரே மாதத்தில், டிசம்பர் கடைசியில், அது 310 கோடி ஆனது. எப்படி? சீன மத்திய வங்கியுடன் அந்த ஆண்டு மார்ச்சில் கையெழுத்தான 1,000 கோடி யுவான் ஸ்வாப், சுமார் 150 கோடி டாலர், கணக்கில் சேர்ந்தது. எண் இரட்டிப்பானது நிஜம். ஆனால் அந்த யுவானைத் தொட ஒரு நிபந்தனை இருந்தது: மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் பயன்படுத்தலாம். 2021-இல் இலங்கையின் இறக்குமதி 2,060 கோடி டாலர். மூன்று மாதத்துக்கு என்றால் 500 கோடிக்கு மேல் வேண்டும். 310 கோடி வைத்திருப்பவர் 500 கோடி ஆன பிறகு வாருங்கள் என்கிற ஏற்பாடு. பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குப் போகும்போது கொடுத்து வைத்த நகை நம் பீரோவில் இருக்கும். எடை போட்டால் நம் நகையோடு சேர்ந்து எடை காட்டும். அடகு வைக்க முடியாது.

எதிர்ப்பக்கத்தில் 2022-இல் நாடு கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 700 கோடி டாலர். அதில் ஜனவரி 18-இல் 50 கோடி, ஜூலை 25-இல் 100 கோடி என்று இரண்டு பத்திரங்களின் முதிர்வுத் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே உலகத்துக்கே தெரியும். இதுபோக அண்டை நாடுகளிடம் வாங்கியவை. வங்காளதேசத்திடம் 20 கோடி டாலர் ஸ்வாப், இந்திய ரிசர்வ் வங்கியிடம் 40 கோடி டாலர் ஸ்வாப். உள்நாட்டு வங்கிகளிடம்கூட மத்திய வங்கி ஸ்வாப்பில் டாலர் வாங்கியிருந்தது. இவை வந்த அன்று வரவு. தவணை தேதி எழுதிய அன்றே வெளியேற்றப் பட்டியலிலும் ஏறிவிடும். நண்பனிடம் கைமாற்று வாங்கி பாஸ்புக்கைப் பெருக்கிக் காட்டலாம், ஆனால் காலண்டரிலும் ஒரு தாளில் எழுத வேண்டுமே.

ஜனவரி பத்திரம் வந்தபோது கொழும்பில் பெரிய வாக்குவாதம். கட்டாதீர்கள், அந்த டாலரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வைத்துக்கொண்டு கடன்காரர்களைப் பேச அழையுங்கள் என்றார்கள் பல பொருளாதார வல்லுநர்கள். அப்போதைய மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால் கட்டியே தீருவோம் என்றார், கட்டினார். ஒரு தவணைகூடத் தவறாத நாடு என்ற பெயர் அவருக்கு முக்கியம். எனக்கு அந்த முடிவு சரியென்று படவில்லை. அடுத்த தவணைகளுக்கு வழியில்லை என்பது படிவத்திலேயே தெரிந்திருந்தது. நான்கு மாதம் பெயரைக் காப்பாற்ற 50 கோடி டாலர் என்பது அதிக விலை.

மார்ச்சில் நடந்தது நமக்கு நினைவிருக்கும். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. மண்ணெண்ணெய் வரிசை, கேஸ் வரிசை. அச்சடிக்கத் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகளைத் தள்ளி வைத்தார்கள். மார்ச் 22 அன்று இலங்கைத் தமிழர்கள் 16 பேர், குழந்தைகளோடு, படகில் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள். போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு, இந்த முறை பால்மாவும் அரிசியும் வாங்க முடியாமல்.

அந்த மாதக் கடைசியில் அதிகாரபூர்வ கையிருப்பு 190 கோடி டாலர் என்று காட்டியது. ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மே முதல் வாரத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார்: உண்மையில் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலருக்கும் குறைவு. 190 கோடி எங்கே, 5 கோடி எங்கே! இரண்டும் பொய்யில்லை. முதலாவதில் சீன ஸ்வாப் உட்பட எல்லாம் இருக்கிறது, இரண்டாவது நாளைக் காலையில் கப்பலுக்குக் கொடுக்க எவ்வளவு என்பதற்குப் பதில்.

கப்பல் என்று உவமைக்காகச் சொல்லவில்லை. மார்ச் 28 முதல் ஒரு பெட்ரோல் கப்பல் இலங்கைக் கடலில் நங்கூரம் போட்டு நின்றது. பெட்ரோல் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, இறக்குவதற்கு டாலர் இல்லை என்று மே 18 அன்று எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர நாடாளுமன்றத்தில் சொன்னார். அதே நேரத்தில், ஏப்ரல் 18-இல் கட்ட வேண்டியிருந்த 7.8 கோடி டாலர் வட்டிக்கான 30 நாள் அவகாசமும் முடிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு முதல்முறையாக இலங்கை கடன் தவறிய நாடானது.

இதை வைத்து, கையிருப்பிலிருந்து எதிர்காலத்தில் டாலர் தருவதாக ஒப்புக்கொள்வதே ஆபத்து என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு மாற்று உதாரணம் நம்மிடமே உண்டு. 2013 கோடையில் ரூபாய் விழுந்துகொண்டிருந்தது. செப்டம்பரில் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக வந்தவுடன் ஒரு வாசலைத் திறந்தார். வெளிநாட்டு இந்தியர்களிடம் குறைந்தது மூன்று ஆண்டு டாலர் வைப்பு வாங்கும் வங்கிகளுக்கு, அந்த டாலரை வாங்கிக்கொண்டு முதிர்வின்போது திருப்பித் தருவதாக, சந்தையைவிட மலிவான விலையில் ஸ்வாப் வசதி. நவம்பர் கடைசிக்குள் அந்த வழியில் சுமார் 2,600 கோடி டாலர் வந்தது. ரூபாயும் நிமிர்ந்தது.

ஆனால் தேதியைக் கவனியுங்கள். 2013 செப்டம்பர் முதல் நவம்பர் வரை வந்த மூன்றாண்டு வைப்பு, 2016-இல் அதே மூன்று மாதங்களில் வெளியே போக வேண்டும். சில வாரங்களுக்குள் இவ்வளவு டாலர் ஒரே வாசல் வழியாக! ரிசர்வ் வங்கி அதற்காக முன்கூட்டியே, அந்தத் தேதிகளுக்கு டாலர் கிடைக்கும்படி முன்பேரத்தில் வாங்கி வைத்திருந்தது. காலண்டரில் 12-ஆம் தேதி செக் என்று எழுதிய பெரியப்பா, 11-ஆம் தேதிக்கு வசூல் வரும்படி காண்ட்ராக்டரிடம் சொல்லி வைப்பாரே, அதே வேலை. பணம் போனது, பெரிய ஆட்டம் இல்லை. 2016 நவம்பரில் நாமெல்லாம் 500 ரூபாய் நோட்டோடு ஏடிஎம் வாசலில் நின்றுகொண்டிருந்ததால் இது நடந்ததே பலருக்குத் தெரியாது.

ஆக, கையிருப்புச் செய்தி ஒன்று கண்ணில் பட்டால் நான் மனதுக்குள் கேட்டுக்கொள்வது சில கேள்விகள்தான். இதில் எவ்வளவு கடன் வாங்கி வைத்தது? எதற்காவது நிபந்தனை உண்டா? படிவத்தின் முதல் பத்தியில், அதாவது ஒரு மாதத்துக்குள், எவ்வளவு போகிறது? முன்பேர ஒப்பந்தங்களில் நாடு டாலர் வாங்க வேண்டியவரா, கொடுக்க வேண்டியவரா? கடைசிக் கேள்வியை மட்டும் தவறவிடாதீர்கள். ஸ்பாட் சந்தையில், அதாவது உடனே கைமாறும் சந்தையில், டாலரை விற்றால் கையிருப்பு உடனே குறைந்து தலைப்புச் செய்தியாகும். முன்பேரத்தில் விற்றால் தலைப்பில் எதுவும் தெரியாது, படிவத்தின் நடுவே கழித்தல் குறியோடு உட்கார்ந்திருக்கும். தாய்லாந்தில் அப்படி ஒரு வரியே இல்லாமல் இருந்தது. இப்போது வரி இருக்கிறது, படிப்பவர்கள்தான் குறைவு.

எந்தக் கழித்தல் குறியும் தவறு என்று அர்த்தமில்லை. கட்ட வேண்டிய கடன் ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் உண்டு. கையிருப்பு, தேதிகள், அந்தத் தேதிக்குள் வரக்கூடிய வரவு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேச முடியும்.

இலங்கை 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்குள் நுழைந்தது. தனியார் பத்திரக்காரர்களுடனான மறுசீரமைப்பு 2024 டிசம்பரில் முடிந்தது. முதிர்வுத் தேதிகள் பல தள்ளிப் போயின, அதாவது காலண்டரில் எழுதியவை பின்தாள்களுக்கு நகர்ந்தன. அந்த மாதக் கடைசியில் கையிருப்பு சுமார் 610 கோடி டாலர் என்று மத்திய வங்கி வெளியிட்டது. கூடவே வழக்கம்போல ஒரு சிறு குறிப்பு: இதில் சீன மத்திய வங்கி ஸ்வாப் சுமார் 140 கோடி டாலர் அடக்கம்.